நீரை இழந்தோரும் நீரிழிவும்

தமிழிலே நோய்களுக்கு அமைந்த பெயர்கள் பல, அந்நோய்களின் குறிகளையே சுட்டி நிற்பன. நீரிழிவு என்னும் பெயரும் அத்தகையதே. இழிதல் என்பது கீழ்நோக்கி ஒழுகுதல். உடலிலுள்ள நீர் அளவின்றிச் சிறுநீராய் ஒழுகுவதால் அந்நோய் நீரிழிவு எனப்பட்டது. இழிதல் வேறு, இழத்தல் வேறு. ஒலியால் நெருங்கிய இவ்விரு சொற்களும் பொருளால் விலகியவை. ஆயினும், வட அமெரிக்காவின் பாலைநிலத்தில் வாழும் ஒரு மக்கட் கூட்டத்தாரின் வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அவர்கள் முதலில் தம் ஆற்றின் நீரை இழந்தனர். பின்னர் நீரிழிவுக்கு ஆளாயினர்.

உலகிலுள்ள எல்லா இனத்தாரையும் இந்நோய் ஒரே அளவிற் பற்றுவதில்லை. ஒரு நாட்டிலே பதின்மரில் ஒருவருக்கு இருக்கும் நோய், வேறோரிடத்தில் இருவரில் ஒருவருக்கு இருக்கக் காண்கிறோம். ஒரே நகரில் அடுத்தடுத்து வாழும் இரு இனத்தாரிடையேயும் இவ்வேறுபாடு காணப்படுகின்றது. இதற்குக் காரணம் யாது என்று வினவினால், பலரும் உடனே தரும் விடை, "அது அவர்கள் இரத்தத்திலேயே உள்ளது" என்பதாகும். அவ்விடை எவ்வளவு தூரம் உண்மை, எவ்வளவு தூரம் உண்மையை மறைப்பது என்பதை ஆராய்வதற்குப் பீமா மக்களின் வரலாற்றிலும் சிறந்த சான்று வேறில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கே அரிசோனா என்னும் மாநிலம் உள்ளது. கோடையிலே கொடிய வெயில் எரிக்கும் நிலம் அது, மழை அரிது. அந்நிலத்தின் ஊடே ஹீலா என்னும் ஆறு ஓடிற்று. அதன் கரையில் வாழ்ந்த ஆதிக்குடிகள் தம்மை 'அக்கிமெல் ஓஓதம்' என்று அழைத்துக்கொண்டனர். ஆற்று மக்கள் என்பது அதன் பொருள். பீமா என்பது பிறர் இட்ட பெயர். ஸ்பானியர் வந்து ஏதோ வினவியபோது, "தெரியாது" என்னும் பொருளில் அம்மக்கள் கூறிய சொல்லே பெயராய் நிலைத்துவிட்டது என்று கூறுவர்.

இவர்களின் முன்னோர் ஐரோப்பியர் அமெரிக்காவை அறிவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மரத்தாலும் கல்லாலும் ஆன கருவிகளைக் கொண்டு நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டி, ஆற்றுநீரைப் பாலைக்குக் கொண்டுசென்று பயிர் விளைத்தவர்கள். அவ்வாய்க்கால்களின் தடங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பருத்தியும் அவர்கள் விளைத்தவை. ஆற்றில் மீன் இருந்தது. காட்டில் மான் இருந்தது. தமிழகத்திலே சீமைக்கருவேல் என வழங்கும் மரத்தின் இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தின் நெற்றுக்களை இடித்து மாவாக்கி உண்டனர். கள்ளியின் பழமும் மொட்டும் அவர்களுக்கு உணவாயின. இவ்வுணவுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், இவை உண்டபின் இரத்தத்தில் சர்க்கரையை மெல்ல மெல்லவே ஏற்றுவன என்று கண்டனர். வறட்சிமிக்க நிலத்துச் செடிகள் தம்முள் நீரைத் தேக்கிக்கொள்வதற்கு உதவும் பசைப்பொருள்களே, அவற்றை உண்பவர் உடலிலும் சர்க்கரை விரைந்து சேராமல் தடுத்தன.

1694 ஆம் ஆண்டில் யூசேபியோ கீனோ என்னும் பாதிரியார் இப்பகுதிக்கு வந்தார். ஸ்பானியர் வழியாகக் கோதுமையும் ஆடுமாடுகளும் அம்மக்களை அடைந்தன. மாரிக்காலத்தில் விளையும் கோதுமை அவர்களின் வேளாண்மையை மேலும் வளம்படுத்திற்று. 1849 இல் கலிபோர்னியாவில் பொன் கிடைக்கும் என்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது, அவர்களுட் பலர் ஹீலா ஆற்று வழியே சென்றனர். பாலையில் வருந்தி வந்த அவ்வழிப்போக்கர்களுக்குப் பீமாக்கள் நீரும் கோதுமையும் அவரையும் கொடுத்து ஆதரித்தனர். 1853 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மெக்சிக்கோவிடமிருந்து இந்நிலம் ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறிற்று. அதன்பின் வந்த அமெரிக்கப் படையினருக்கும் தபால் வண்டிக்காரருக்கும் தானியம் விற்றவர்களும் பீமாக்களே. 1859 இல் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தால் அவர்களுக்கென ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. நிலம் எல்லையிட்டுக் கொடுக்கப்பட்டதேயன்றி, அந்நிலத்துக்கு உயிராகிய நீர் எவருடையது என்பது உறுதிசெய்யப்படவில்லை. பின் நேர்ந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து இதுவே.

1860களின் இறுதியிலிருந்து ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளையர் குடியேறிப் பயிர்செய்யத் தொடங்கினர். மேலே வாய்க்கால் ஒன்று வெட்டப்பட்டால் கீழே வயல் ஒன்று வாடும் என்பது உழவர் எவரும் அறிந்த செய்தி. 1880களில் புளோரன்ஸ் என்னும் ஊருக்கருகே வெட்டப்பட்ட பெருங்கால்வாய் எஞ்சிய நீரையும் ஈர்த்துக்கொண்டது. நீரை முதலில் யார் பயன்படுத்தினாரோ அவருக்கே முதலுரிமை என்பது அமெரிக்க மேற்குப் பகுதியின் வழக்கு. எல்லோர்க்கும் முன்னதாக அந்நீரைப் பயன்படுத்தியோர் பீமாக்களே. ஆயினும் அவ்வழக்கு அவர்கள்பால் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஹீலாப் பள்ளத்தாக்கிலே பஞ்சம் குடிகொண்டது. பிறருக்குக் கோதுமை விற்ற மக்கள் அரசாங்கம் அளிக்கும் உணவுக்குக் கையேந்தி நின்றனர். வேறு வழி காணாது மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகாக விற்றனர். ஆறு பொய்த்த காலத்தில் உணவு தந்து காத்த மரமே அவ்வாறு அழிந்தது. ஆறு வற்றியதும் மீன் போயிற்று. கரையோரச் செடிகள் போயின. அச்செடிகளை நம்பி வளர்ந்த சமையலும், அவற்றை அறிந்த முதியோரின் அறிவும் சிறிது சிறிதாய் மறைந்தன.

அக்காலத்தில் அம்மக்களிடையே நீரிழிவு இருந்ததா என்னும் வினாவுக்கு ஏடுகள் விடை தருகின்றன. 1901 முதல் 1902 வரை அவர்களிடையே தங்கி ஆராய்ந்த பிராங்க் ரசல் என்பார் அவர்களின் உணவையும் தொழிலையும் வழக்கங்களையும் விரிவாக எழுதிவைத்தார். 1908 இல் மருத்துவரும் மானிடவியலறிஞருமான அலெஷ் ஹர்த்லிச்கா தென்மேற்குப் பகுதிக் குடிகளின் உடல்நிலையைப் பற்றி நூல் எழுதினார். சிலர் உடல் பருத்திருந்ததை அவர் குறித்திருக்கின்றார்; ஆனால் நீரிழிவு அக்குடிகளிடையே காண்பதற்கரிய நோயாகவே அந்நூலில் இடம்பெற்றது. 1937 இல் நீரிழிவு மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற பொஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜொஸ்லின் அரிசோனாவுக்கு வந்தார். வைத்தியசாலைகளின் குறிப்புக்களிலிருந்து பீமாக்களுள் 21 நோயாளரை அவர் கண்டார். அமெரிக்காவின் பிற பகுதிகளில் இருப்பதுபோன்றே இங்கும் இந்நோய் உள்ளது என்பதே அவர் முடிவு.

இதற்கிடையில், 1930 இல் கூலிட்ஜ் அணை திறந்துவைக்கப்பட்டது. பீமாக்களுக்கு நீர் தருவதே அதன் நோக்கங்களுள் முதன்மையானதாகக் கூறப்பட்டது. ஆயின், தேக்கிய நீரில் வெள்ளைக் குடியேற்றக்காரருக்கும் பங்கிருந்தது. எதிர்பார்த்த அளவு நீர் தேங்கவும் இல்லை. 1935 இல் நீதிமன்றம் பீமாக்களின் பழைய உரிமையை ஏட்டில் ஏற்றுக்கொண்டது. ஏட்டில் எழுதிய நீரால் வயல் நனையவில்லை. உழவைக் கைவிட்டோர் கூலிவேலை தேடி வெளியே சென்றனர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது இளைஞர் பலர் படையிற் சேர்ந்தனர். 1945 இல் ஈவோஜீமாத் தீவின் மலையுச்சியில் அமெரிக்கக் கொடியை நாட்டும் புகழ்பெற்ற நிழற்படத்தில் காணப்படுவோருள் ஒருவரான ஐரா ஹேய்ஸ் ஒரு பீமா இளைஞரே. தொழிற்சாலைகளில் வேலை பார்த்தோரும் பலர். கையிற் காசு வந்தது, உடலுழைப்புக் குறைந்தது. அரசாங்கம் வழங்கிய உணவுப் பொருள்களோ வெள்ளைக் கோதுமை மா, சீனி, பன்றிக்கொழுப்பு, பேணிகளில் அடைத்த உணவு ஆகியனவாம். அம்மாவைக் கொழுப்பிலே பொரித்துச் செய்யும் ரொட்டி, வறுமையால் வந்த உணவாயினும், காலப்போக்கில் பல ஆதிக்குடிகளின் மரபுணவு என்று எண்ணத்தக்க நிலையைப் பெற்றுவிட்டது.

1963 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார ஆய்வுநிலையத்தைச் சேர்ந்தோர் பீமாக்களிடையே வந்தனர். அவர்கள் தேடி வந்தது நீரிழிவை அன்று, மூட்டுவாதத்தை. குளிர்மிக்க மொன்டானாவில் வாழும் பிளாக்பூட் குடிகளையும், வெப்பமிக்க அரிசோனாவில் வாழும் பீமாக்களையும் ஒப்பிட்டு, தட்பவெப்பம் மூட்டுவாதத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்று அறிவதே அவர்கள் எண்ணம். அவ்வாய்வின்போது பீமாக்களின் இரத்தத்தைச் சோதித்த பீட்டர் பெனெட், தோமஸ் பேர்ச் முதலியோர் எதிர்பாராத ஒன்றைக் கண்டு வியப்புற்றனர். மிகப் பலரது இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. 1965 முதல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் நெடிய ஆய்வு தொடங்கிற்று. 1971 இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் நீரிழிவு உடையோர். 1978 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மினசோட்டா மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் வெள்ளையரிடையே புதிதாய்த் தோன்றும் நீரிழிவைக்காட்டிலும் பீமாக்களிடையே அது 19 மடங்கு மிகுதி என்று காட்டிற்று. சிறுநீரகம் கெட்டோரும் கண்பார்வை குன்றியோரும் காலை இழந்தோரும் வீடுதோறும் காணப்பட்டனர்.

இக்காலத்தில் ஜேம்ஸ் நீல் என்னும் மரபணு அறிஞரின் கருத்தொன்று புகழ்பெற்றது. பஞ்சமும் வளமும் மாறிமாறி வந்த பழங்காலத்தில், உண்டதைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கும் இயல்புடையோரே பிழைத்திருப்பர்; அச்சிக்கன இயல்பு மரபுவழியே வந்து, உணவு ஓயாது கிடைக்கும் இக்காலத்தில் நீரிழிவாய் முடிகின்றது என்று அவர் 1962 இல் எழுதினார். பீமாக்களைப் பற்றி எழுதிய பலர் இக்கருத்தை அவர்களுக்கு ஏற்றி உரைத்தனர். நீல் பின்னர் தம் கருத்தைத் தாமே மீளவும் ஆராய்ந்து திருத்த முற்பட்டார். ஆயினும் அது மக்கள் வாயில் ஒரு தீர்ப்பாகவே மாறிவிட்டது. பீமா எனப் பிறந்தால் நீரிழிவு வந்தே தீரும் என்று மருத்துவரும் நம்பினர், நோயாளரும் நம்பினர். விதியென்று நம்பிய நோய்க்கு மருந்து தேடுவார் யார்? தாயும் பாட்டியும் சென்ற வழியே தாமும் செல்வது உறுதி என்று எண்ணிய இளைஞர், சோதனைக்கு வருவதாற் பயன் என்ன என்று கேட்பதில் வியப்பில்லை.

மரபணுவுக்கு இதில் பங்கில்லை என்று கூறுவதற்கில்லை. ஒரே ஊரில் ஒரேவகை உணவை உண்போருள்ளும் சில குடும்பங்களை நோய் மிகுதியும் பற்றுவது கண்கூடு. ஆயின், 1908 இல் வாழ்ந்த பீமாக்களின் இரத்தமும் 1963 இல் வாழ்ந்த அவர்தம் பிள்ளைகளின் இரத்தமும் ஒன்றே. இரண்டு தலைமுறைக்குள் ஓரினத்தின் மரபணு மாறிவிடுவதில்லை. மாறியவை ஆறும் வயலும் உண்கலமுமே.

இவ்வுண்மையை ஐயமற நிறுவியவர்கள் அம்மக்களின் உறவினரே. எல்லைக்கு அப்பால், மெக்சிக்கோவின் சொனோரா மாநிலத்து மலைகளில், மைக்கோபா என்னும் ஊரிலும் அதனைச் சூழ்ந்தும் பீமாக்களின் மற்றொரு கிளையினர் வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்தவராயினும் மொழியாலும் மரபணுவாலும் இவர்கள் நெருங்கிய சுற்றத்தார். மலைச்சரிவிலே மக்காச்சோளமும் அவரையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, பெரும்பாலும் கையுழைப்பால் வாழ்ந்தவர்கள். 1990களில் ஆய்வாளர் இவர்களிடம் சென்றனர். 2006 இல் வெளிவந்த முடிவு இது: அரிசோனாவின் பீமாக்களுள் நூற்றுக்கு 38 பேர் நீரிழிவு உடையோர், மெக்சிக்கோவின் பீமாக்களுள் நூற்றுக்கு 6.9 பேரே அந்நோயுடையோர். அதே மலையில் வாழும் பீமா அல்லாத மெக்சிக்கரிடையே அது 2.6. மரபு ஒன்றாயிருக்க, நோய் ஐந்திலொரு பங்கினும் குறைந்துநின்றது. ஒரு கிளையினரிடம் வயல் இருந்தது, உழைப்பு இருந்தது. மற்றக் கிளையினரிடமிருந்து இரண்டும் பறிபோயின.

இந்நோயின் வரலாறு கருப்பையினுள்ளும் புகுந்துவிடுகின்றது என்பதையும் பீமா ஆய்வே உலகுக்கு உணர்த்திற்று. 1988 இல் வெளிவந்த ஆய்வொன்று, 20 முதல் 24 வயதுவரையான இளைஞரைத் தாய்மாரின் நிலைகொண்டு மூவகைப்படுத்திற்று. கருவுற்ற காலத்திலேயே நீரிழிவுடையோராய் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுள் நூற்றுக்கு 45 பேருக்கு நோய் வந்திருந்தது. பிள்ளை பிறந்தபின்னரே நோய் கண்ட தாய்மாரின் பிள்ளைகளுள் அது 8.6, நோயே காணாத தாய்மாரின் பிள்ளைகளுள் 1.4. இரண்டாம் வகைத் தாய்மாரும் நீரிழிவுக்குரிய மரபுடையோரே. எனவே, முதல் இரு வகையினருக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாட்டை மரபுரிமையால் மட்டும் விளக்க இயலாது. தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை கருவிலுள்ள குழந்தையின் உடலையும் அதற்கேற்ப வளைத்துவிடுகின்றது. பாட்டனின் வயலில் நின்றுபோன நீர், பேரப்பிள்ளையின் உடலில் நோயாய்த் தொடர்கின்றது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது இரத்தத்தின் குணமாகவே தோன்றும்.

இது பீமாக்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பசிபிக் மாகடலில் உள்ள நவூருத் தீவினர் மீனும் தென்னையும் கொண்டு வாழ்ந்தவர்கள். அத்தீவின் பொஸ்பேற்று மண் அகழ்ந்து விற்கப்பட்டபின், இறக்குமதி உணவே அவர்கள் உணவாயிற்று. 1975 இல் நடந்த சோதனையில் வயதுவந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கக் கண்டனர். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோருள் தமிழர் மிகப் பலர். 1960களில் டேர்பன் நகர மருத்துவர்கள் அவர்தம் வழிவந்தோரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதைக் குறித்தனர். ஆனால் 1970களில் இந்தியாவில் எடுத்த கணக்கிலோ அது நகரங்களில் நூற்றுக்கு 2.1, கிராமங்களில் 1.5 என்ற அளவே. அக்காலத்தில் இந்தியரின் இரத்தத்தில் நோய் இல்லை என்று ஒருவர் கூறியிருந்தால் அது பிழையாய் முடிந்திருக்கும். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை நகரில் அது நூற்றுக்கு 14க்கு மேல் உயர்ந்தது.

வரலாற்றால் வந்ததை வரலாற்றாலேயே மாற்றவும் கூடும். 1997 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆதிக்குடிகளின் நீரிழிவுத் தடுப்புக்கெனத் தனி நிதி ஒதுக்கிற்று. 2002 இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில் பீமாக்களும் பங்குகொண்டனர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்து, உடலின் எடையைச் சிறிதளவு குறைத்தோரிடையே நோய் தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. எந்த இனத்தவராயினும் அம்முயற்சி பயன் தந்தது. 1996 க்கும் 2013 க்கும் இடையே அமெரிக்க ஆதிக்குடிகளிடம் நீரிழிவால் வரும் சிறுநீரகச் செயலிழப்புப் பாதிக்கு மேல் குறைந்தது. 2013 இல் நூற்றுக்கு 15.4 ஆக இருந்த நீரிழிவு 2017 இல் 14.6 ஆகச் சற்றே தாழ்ந்தது. சிறிய இறக்கமே எனினும், ஏறுவதையன்றி வேறொன்றும் அறியாத கணக்கில் அது முதல் இறக்கமாகும்.

2004 ஆம் ஆண்டு டிசெம்பரில், நெடுங்கால வழக்கின் முடிவாக, ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு ஆண்டொன்றுக்கு 653,500 ஏக்கர் அடி நீர் உரியது என்று சட்டம் இயற்றப்பட்டது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தாம் கேட்டு வந்ததை அம்மக்கள் பெற்றனர். வாய்க்கால்கள் மீண்டும் வெட்டப்பட்டன. பழைய அவரை வகைகளை விதைப்போரும் தோன்றினர். ஆயினும், ஒரு தலைமுறைக்குள் இழந்த உடல்நலம் ஒரு சட்டத்தால் மீள்வதன்று. நீர் வந்த நாளிலே உழவு மறந்த கைகளும் இருந்தன.

உலகம் இம்மக்களுக்குப் பட்ட கடன் பெரிது. சர்க்கரைக் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் சென்றபின் இரத்தத்தில் 200 மில்லிகிராம் என்னும் அளவு கண்டால் அது நீரிழிவு என்று இன்று உலகெங்கும் மருத்துவர் துணிகின்றனர். 1980 ஆம் ஆண்டளவில் அவ்வெல்லையை வகுப்பதற்குப் பெருந்துணையாய் நின்றவை பீமா மக்கள் தம் கையை நீட்டிக் கொடுத்த இரத்தத்தின் அளவுகளே. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வைத்தியசாலை வாங்கில் அமர்ந்து அச்சோதனைக்குக் காத்திருப்பவர், தாம் ஒருபோதும் கண்டறியாத அம்மக்களின் கொடையால் பயன் பெறுகின்றவராவர். அன்று பாலையில் வந்த வழிப்போக்கருக்குக் கோதுமை கொடுத்தவர்கள், பின்னர் உலகினருக்குத் தம் நோயையே பாடமாகக் கொடுத்தனர்.

அப்பாடத்தின் சாரம் இது. ஓரினத்தாரிடம் ஒரு நோய் மிகுந்திருக்கக் கண்டால், அவர்கள் எத்தகைய இரத்தமுடையோர் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவர்களிடமிருந்து எது பறிக்கப்பட்டது, எப்போது பறிக்கப்பட்டது, அதற்கு ஈடாக அவர்கள் கலத்தில் எது இடப்பட்டது என்றும் கேட்டல் வேண்டும். ஹீலா ஆற்றங்கரையில் அவ்வினாக்களுக்கு விடை நெடுங்காலமாய் எழுதியே இருந்தது. அதனை வற்றிய வாய்க்கால்களில் தேடாது மக்களின் நரம்புகளில் மட்டும் தேடியதே உலகம் செய்த பிழை.